மா காணிக்கையின் இடது கை

காலை ஏழு மணி பத்து நிமிடம். யாங்கோனின் தாகேதா பகுதியில் ஒரு பூப்பந்து அரங்கு. உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, வெல்வெட் வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு. தரையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் அது ஒழுங்காகக் கழற்றி விடப்பட்டிருந்தது. அந்தப் பக்கம், வெறுங்காலோடு, கையில் நீல ரப்பர் துப்பாக்கியோடு நின்றார் மா காணிக்கை.

யாங்கோன் நகரத்தில் துப்பாக்கியை அவரைப் போல் பணிவாகப் பிடித்தவர் அதற்கு முன்பு இல்லை. இனிமேலும் பிறக்கப் போவதில்லை.

லான்மடாவில் ஒரு நகைக்கடை. நான் அங்கே பில் போடுகிறவன். அதற்கு முன் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன், பத்திரிகை மூடிவிட்டது. மா காணிக்கை அதே கடையின் வாசலில் காவல். பக்கத்துத் தெருக் கடையில் ஒருவன் கத்தியோடு புகுந்துவிட்டுப் போன பிறகு எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார். அது வருவதற்குள் பழகிக்கொள்ளட்டும் என்று எங்கள் இருவரையும் தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் வகுப்பும் திங்கட்கிழமைகளில்.

அவரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: "தேறலைன்னா வாசலுக்கு ஆம்பிளை ஆள் போட்டுடுவேன்மா. தப்பா நினைக்காதே."

அவர் தப்பாக நினைக்கவில்லை. பயந்தார். வேறு வேலை என்றால், நகரத்தின் வடகோடியில், ஷ்வேப்யிதாவில் அவருடைய அக்காள் தைக்கப் போகும் துணித் தொழிற்சாலைதான். எனக்கும் பயமாக இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் சாயா என்போம், பர்மியில் வாத்தியார். அவருடைய அம்மா தமிழ், அப்பா பர்மியர். பாடம் நடத்துவது பர்மியில், திட்டுவது தமிழில். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் திட்டு முழுவதும் எங்களுக்கே வந்து சேர்ந்தது.

துப்பாக்கியை வலது கையில் பிடித்து, இடது கையால் அந்தப் பிடியை இறுக அணைக்க வேண்டும். இதுதான் முதல் பாடம். மா காணிக்கையின் வலது கை நீண்டதுமே இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளும். இந்த ஊரில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். அவர் பெரியவர், சின்னவர் பார்ப்பதில்லை. வாடிக்கையாளரின் குடை, பூனைக்கு மீன் தலை, காலையில் எனக்கு டீ, எல்லாம் அப்படியே வரும்.

"என்னம்மா இது? திருடனைச் சுடப்போறியா, காணிக்கை குடுக்கப்போறியா?" என்றார் சாயா.

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. முன்னால் பர்மிய வழக்கப்படி ஒரு 'மா' சேர்த்தோம்; கேலியிலும் மரியாதை குறையக் கூடாது அல்லவா. பதிலுக்கு அவர் என்னை 'கோ பில்லு' ஆக்கினார். 'கோ' ஆண்களுக்கான மரியாதை.

ரப்பர் துப்பாக்கி வெடிக்காது. ஆகவே விசையை இழுக்கும்போது வாயால் 'டுமீல்' சொல்ல வேண்டும். மற்றவர்கள் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் வீட்டைக் காலி செய்தன. மா காணிக்கையின் டுமீல் அவர் காதுக்கே கேட்டிருக்காது.

"சத்தமா சொல்லும்மா!"

"பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது, சாயா."

"திருடன் வந்தா, குழந்தை எந்திரிக்கிற வரைக்கும் நிக்கச் சொல்லுவியா?"

"நின்னா நல்லதுதானே?"

அடுத்த வாரம் சாயா பிளாஸ்திரி போட்டு அவருடைய இரண்டு கைகளையும் துப்பாக்கியோடு சேர்த்து ஒட்டிவிட்டார். டீ வந்தபோது மா காணிக்கை கட்டிய கைகளோடு என்னிடம் வந்தார். "கோ பில்லு, கொஞ்சம் கோப்பையைப் பிடிச்சுக்குங்களேன்." பிடித்துக்கொண்டேன். பிளாஸ்திரியைப் பிரித்துவிடலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வருவார். அங்கே மடக்கிய குடைதான் துப்பாக்கி, நான்தான் திருடன். அவர் வாய்க்குள்ளேயே டுமீல் சொல்ல, நான் செத்துக்கொண்டே இருந்தேன். வந்த பஸ்களை விட்டுவிட்டுச் செத்தேன். மெல்ல மெல்ல இடது கை சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியது.

தேர்வன்று சாயாவே திருடன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் கத்தியோடு, "எடு நகையை!" என்று கத்தியபடி பாய்ந்து வந்தார். மா காணிக்கை துப்பாக்கியை நீட்டினார். இடது கை சரியாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் சாயாவின் முகத்துணி நழுவி, நரைத்த மீசை தெரிந்தது. பெரியவர்! இடது கை முழங்கைக்கே திரும்பிவிட்டது.

அப்படி ஒன்றை நீட்டினால் இந்த ஊரில் எவராலும் சும்மா நிற்க முடியாது. சாயாவின் கத்தி கீழே விழுந்தது. தலையை லேசாகத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொன்னார்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் வாதாடிப் பார்த்தேன்.

"கத்தி கீழ கிடக்கு, சாயா. பாஸ் போடணும்."

"துப்பாக்கி யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்ட."

"நான் யாரு?"

"திருடன்."

"அப்புறம் என்னய்யா?"

மா காணிக்கை என் சட்டைக் கையைத் தொட்டார். "விடுங்க, கோ பில்லு. குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாது."

நான் தேறிவிட்டேன். என் டுமீல் பிரமாதமாம்.

மாதக் கடைசியில் அவர் ஷ்வேப்யிதாவுக்குப் போனார். கடைசி நாள் காலையிலும் டீயை வழக்கம்போலத்தான் நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் வாங்கினேன். ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் வளையல் வாங்க ஆள் வந்துவிட்டது.

இப்போது வாசலில் நிற்பவர் துப்பாக்கி பிடிப்பதில் கெட்டிக்காரர். லைசென்ஸ் இன்னும் வரவில்லை. டீயை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

மா காணிக்கை எப்போதாவது போனில் கூப்பிடுவார். "சாப்பிட்டாச்சா, கோ பில்லு? மெஷின்ல துணி பிடிச்சுப் பிடிச்சு இப்ப ரெண்டு கையும் ஒண்ணா வருது. சாயாகிட்ட சொல்லுங்க."

"நீங்களே ஒரு நாள் நேர்ல வந்து சொல்லுங்களேன்."

"நீங்க வாங்களேன் இங்க."

எங்கள் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்தத் தொழிற்சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை.