கேம்பர் பார்க்க வந்தவர்கள்

நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு பொருளை விற்பதற்கு மனிதன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பொருளே பேசும், பொருளே விலை சொல்லும், தேவைப்பட்டால் பொருளே கையெழுத்தும் போடும் என்று திருமூர்த்தி கால் மணி நேரமாக வாயை மூடாமல் விளக்கிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் நண்பர் சேனாபதி. இடம், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் திருமூர்த்தி வீட்டுக் கராஜ். 1997, தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். பொருள், ஒரு கேம்பர்.

கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, பாத்திரம் கழுவத் தொட்டி உண்டு. ஓடும்போது கூரை பதுங்கிக் கிடக்கும். நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மெதுவாக எழும்பும். நடுவில் துணிச்சுவர் விரியும். அமெரிக்கா முழுவதையும் பார்த்துவிடுவது என்றுதான் திருமூர்த்தி இதை வாங்கினார். முதல் பயணத்தில் ஒரு ரக்கூன், முகமூடி போட்ட பூனை போன்ற காட்டுப் பிராணி, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தது. அத்துடன் அமெரிக்கா பார்த்தாகிவிட்டது.

டிரக்கை விற்றார். கேம்பரைச் சக்கரப் பலகைமேல் ஏற்றிக் கராஜில் நிறுத்தி, சனிக்கிழமைதோறும் துடைத்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார். உள்ளே போகிறவர் அவர் ஒருவர்தான்.

"அதெல்லாஞ் சரிங்ணா," என்றார் சேனாபதி. "வர்றவங்களுக்கு ஒரு காப்பி, ஒரு பலகாரம்னு குடுத்தா கொஞ்சம் சுளுவா இருக்குமில்லீங்?"

"உன்னைய மாதிரியா?"

சேனாபதி வாரநாட்களில் கம்ப்யூட்டர் புரோகிராமர். வாரக்கடைசியில் சோப்புத்தூள் ஏஜெண்ட். அவர் வீட்டு விருந்துக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பாயசக் கிண்ணம் காலியாகும் நேரம் பார்த்து டப்பாவைக் கொண்டுவந்து வைப்பார். சாப்பிட்ட கை காய்வதற்குள் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? திருமூர்த்தி வீட்டில் மட்டுமே ஒரு பேரலுக்குச் சோப்புத்தூள் இருந்தது.

"சோத்தைப் போட்டு ஏவாரம் பண்றவன் ஏவாரி இல்லீப்பா. சமையக்காரன்," என்றார் திருமூர்த்தி.

உள்கதவைத் திறந்துகொண்டு மனைவி வசந்தாமணி வந்தாள். "ஏனுங், தீபாவளி வரைக்கும்தான். அதுக்குள்ள விக்கலைன்னா கராஜ் எனக்கு."

கராஜ் அவளுக்கு எதற்கென்றால், பெரிய கிரைண்டர் போட. கோயில் விசேஷத்துக்கும் பிறந்தநாளுக்கும் அவள் செய்துகொடுத்த இட்லியையும் அரிசிம்பருப்பு சாதத்தையும் தின்றவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆயில் கம்பெனி சீனியர் என்ஜினியர் பொண்டாட்டி சோறு விக்கறதா?"

"விக்கறது அப்பறம். மொதல்ல எடத்தைக் காலி பண்ணுங்க. விக்கலைன்னா சேனாபதி அண்ணன் சும்மா எடுத்துட்டுப் போகட்டும்."

சேனாபதி கராஜின் கூரையை ஆராய்ந்தார். சோப்புத்தூள் அடுக்க அவருக்கு ஒரு கொட்டகை வேண்டியிருந்தது. தன் கேம்பருக்குள் சோப்பு டப்பாக்கள் நிற்பதை நினைத்துப் பார்த்த திருமூர்த்திக்குச் சட்டைக்குள் வியர்த்தது. அன்றே பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்.

முதல் ஞாயிறு மத்தியானம் ஏர்ல் என்ற டெக்சஸ்காரர் வந்தார். பெரிய தொப்பி, பெரிய வயிறு, பெரிய டிரக். சனிக்கிழமைச் சந்தையில் சுட்ட சோளம் விற்கிறவர். அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதிதான் திருமூர்த்திக்குப் புரிந்தது. இங்கே முழுவதும் தமிழில் தரப்படுகிறது.

"பூட்ஸைக் கழட்டணும்," என்றார் திருமூர்த்தி.

கழற்றுவதற்கே நேரமானது. ஏர்ல் ஓட்டை விழுந்த சாக்ஸோடு உள்ளே ஏறினார். பளபளத்த தொட்டியைப் பார்த்தார். பிளாஸ்டிக் போட்ட மெத்தையைத் தடவினார். பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து மூடினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இதுல யார் செத்தாங்க?"

"என்னது?"

"இவ்வளவு சுத்தமா இருந்தா ஏதோ நடந்துருக்கணும்."

ஒருவரும் சாகவில்லை என்று திருமூர்த்தி எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவு சந்தேகம் ஏர்ல் முகத்தில் ஏறியது. அவர் பூட்ஸைத் தேடி இறங்கினார். வசந்தாமணி வாசலை மறித்தாள்.

"சாப்பிடற நேரத்துல வந்தவரைப் பட்டினியா அனுப்பறதுங்களா? உக்காருங் சார்."

ஏர்ல் உட்கார்ந்தார். அரிசிம்பருப்பு, நெய், அப்பளம், கத்தரிக்காய்ப் பொரியல். முதல் தட்டில் தொப்பியைக் கீழே வைத்தார். இரண்டாவது தட்டில் பெல்ட்டைத் தளர்த்தினார். மூன்றாவது தட்டின்போது திருமூர்த்தி அங்கே இல்லை; கேம்பரில் பதிந்த சாக்ஸ் தடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஏர்ல் ஏதோ சொல்வதும் வசந்தாமணி சிரிப்பதும் மட்டும் கேட்டது.

"என்ன சொன்னான்?"

"நல்லாருந்துச்சாம். அடுத்த வாரமும் வர்றாராம்."

"பாத்தியா? கேம்பரு இழுத்துருச்சு!"

பிளாஸ்டிக்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அந்த வாரமே உறைகளைப் பிரித்துப் போட்டார். இரண்டாம் ஞாயிறு ஏர்ல் தன் மச்சானையும் மச்சானின் கூட்டாளியையும் கூட்டிவந்தார்.

மச்சான் மெத்தையை முகர்ந்தான். "புது மெத்தை! அப்ப பழைய மெத்தை எங்கே? அதுல என்ன கறை இருந்துச்சு?"

"இதுதாங்க பழைய மெத்தை!"

"அடுப்பு எரியுமா?"

"எரியும்."

"நீங்க எரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

திருமூர்த்தி பொய் சொல்லாதவர். அவர் அடுப்பைத் துடைக்கத் தொடங்கியதைக் கண்டு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, கொஞ்சம் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டுவோம் என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"தண்ணியக் காய வெச்சா அடுப்பைப் பத்தி என்னங்க தெரியும்?" என்றாள் வசந்தாமணி. "தாளிச்சாத்தான் தெரியும்."

தடுப்பதற்குள் வாணலி ஏறிவிட்டது. தேங்காயெண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி வரமிளகாய், கறிவேப்பிலை. அந்தக் குட்டி வீட்டுக்குள் கடுகு பட்டாசாக வெடித்தது. டெக்சஸ்காரர்கள் மூவரும் இருமிக்கொண்டு வெளியே விழுந்தார்கள். கண்களில் தாரைதாரையாகக் கண்ணீர்.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அது... அது சாப்பிடறதுக்கா?"

அன்று அவர்கள் சாயங்காலம்தான் போனார்கள்.

தாளிப்பு போகவில்லை. துணிச்சுவர் முழுக்க அதைக் குடித்து வைத்திருந்தது. நாலு வருடம் தூசி படாத கேம்பர் ஒரே மத்தியானத்தில் மெஸ் ஆகிவிட்டது. திருமூர்த்தி சாம்பிராணி போட்டார். இப்போது கோயில் மடப்பள்ளி ஆனது. கடையில் லாவண்டர் ஸ்பிரே வாங்கிவந்து ஒரு டப்பா முழுக்க அடித்தார்.

மகள் தென்றல் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது, தமிழ் கேட்பாள், ஆங்கிலம் பேசுவாள். "டாட், இட் ஸ்மெல்ஸ் லைக் எ டெம்பிள் இன் எ மால்."

மூன்றாம் ஞாயிறு காலை திருமூர்த்தி சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை.

"மணி."

"சொல்லுங்."

"இன்னைக்கு... கேம்பரைக் காட்டறதுக்கு முன்னாடியே சோறு போட்டுரலாமா?"

"எதுக்குங்?"

"மூக்குல மொதல்லயே இந்த வாசம் ஏறிருச்சுன்னா, உள்ள போனதுக்கப்பறம் தனியாத் தெரியாது. டெக்னிக்கல் காரணம்."

"எத்தனை பேருக்குங் வெக்கட்டும்?"

"ஒரு பத்துப் பேருக்கு வையி."

அவள் ஏற்கெனவே பெரிய குண்டாவைத்தான் ஏற்றியிருந்தாள்.

பத்துக்கு மேலேயே வந்தார்கள். தெரு முழுக்க டிரக்குகள். தெருவில் வண்டி நிறுத்துவதைத் தட்டிக்கேட்க வந்த குடியிருப்போர் சங்கத்துக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, தட்டிக்கேட்க மறந்து, ரசம் மட்டும் தனியாகக் குடிக்கலாமா என்று கேட்டார். சாப்பிட்டவர்களைத் திருமூர்த்தி வரிசையாக, கேம்பரை உருட்டி நிறுத்தியிருந்த டிரைவ்வேக்கு அழைத்துப்போய்க் கைப்பிடியைச் சுற்றினார். கூரை எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். அருமையான கேம்பர் என்றார்கள். விலையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"தரம் அப்படி. வெலை கேக்கவே கூச்சப்படறாங்க," என்று விலையை ஏற்றினார்.

"தென்றல் கண்ணு," வசந்தாமணி உள்ளிருந்து குரல் கொடுத்தாள், "பேப்பர் பிளேட் எத்தனை மிச்சம்னு பாரு."

அந்த நேரம் பார்த்துச் சேனாபதி வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையைப் பார்த்தார், கேம்பரைப் பார்த்தார், மறுபடி மேசையைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, மொதல்ல சோறு, அப்பறம் சரக்கு... இதை எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே?"

"இது வேற. இது டெக்னிக்கல்," என்ற திருமூர்த்தி, கையிலிருந்த நெய்க் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அதைவிடப் பெரிய கூட்டம். ஆனால் சாயங்காலம் வரை வாங்குகிறேன் என்று ஒரு வாய் திறக்கவில்லை. திறந்த வாயெல்லாம் சோற்றுக்குத்தான் திறந்தது. ஒவ்வொரு டிரக்காகக் கிளம்பியது. சேனாபதி வேன் நிறைய டப்பாக்களோடு வந்து, இஞ்ச் டேப்பால் கேம்பரின் உட்பக்கத்தை அளந்துகொண்டிருந்தார். பூட்ஸோடு. திருமூர்த்தி துடைக்கிற துணியை மடித்து வைத்தார். செருப்பைக் கழற்றச் சொல்லக்கூட அவருக்கு இனி உரிமை இல்லை.

அப்போதுதான் ஏர்ல் தட்டைக் கீழே வைத்து வாயைத் துடைத்தார்.

"நான் எடுத்துக்கறேன்."

"இன்னும் கொஞ்சம் சோறா?"

"கேம்பரை. நீங்க சொன்ன விலைக்கே."

திருமூர்த்தி ஏர்லின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தொப்பி விழுந்தது. "சேனாபதி! எறங்குப்பா! பூட்ஸோட என்ன அங்க? அது வித்துப்போன வண்டி!"

கேம்பர் ஏர்லின் டிரக்கில் ஏறியது. தெருமுனை வரை திருமூர்த்தி கூடவே நடந்து, கடைசியாக ஒருமுறை கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டார். திரும்பி வந்து சேனாபதியின் தோளில் கை போட்டார். "என்ன சொன்னேன்? ஒரு வார்த்தை பேசினேனா? பொருளே வித்துக்கிச்சு." பிளானோவிலிருந்த மச்சினனுக்குப் போன் போட்டார். சொந்த ஊரான பொள்ளாச்சிக்குப் போட்டார். தீபாவளியன்று லட்டு எடுக்க வந்த ஒவ்வொருவருக்கும் லட்டுக்கு முன்னால் பராமரிப்பு பற்றிச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை வசந்தாமணி, "ஒரு ஆர்டர் இருக்குதுங். சந்தையில கொண்டு போய்க் குடுக்கோணும். குண்டாவைத் தூக்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

ஜெயித்தவருக்குப் பெருந்தன்மைக்கு என்ன குறை? தூக்கினார். கராஜில் புது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் பெருந்தன்மையாகக் கடந்து போனார்.

சந்தையில், சோளக் கடைக்குப் பக்கத்தில், அவருடைய கேம்பர் நின்றது. கூரை முழுக்க எழும்பி, பக்கவாட்டு ஜன்னல் விரியத் திறந்து, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே நீளமாக ஒரு வரிசை. முன்னால் குடியிருப்போர் சங்கத்துக்காரர்.

வசந்தாமணி உள்ளே ஏறி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். தரையெல்லாம் யாரோ மிதித்த சேறு. அதைக் கண்ட திருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, துணியோடு ஏறினார். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"டாட், தே ஆர் வெயிட்டிங்," என்று கூட வந்திருந்த தென்றல் அவர் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

திருமூர்த்தி கரண்டியைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து, அரிசிம்பருப்பைப் போட்டு, நடுவில் குழி செய்து நெய் விட்டார். விலை கேட்டவரிடம், "மொதல்ல ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, அப்பறம் பேசலாம்," என்றார்.

வரிசையில் நின்ற சேனாபதி அதைக் கேட்டார். ஏனோ கேலி செய்யத் தோன்றவில்லை. தொழில் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துவிட்டு, சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஏர்ல் பக்கம் திரும்பினார்.

"எப்படியோ, ஒரு மாசம் யோசிச்சு வாங்கிட்டீங்க."

"நானா யோசிச்சேன்?" என்றார் ஏர்ல், சோளத்தைத் திருப்பிப் போட்டபடி. "முதல் நாள், மூணாவது தட்டுலயே வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன்; மேடம்தான், அவசரப்படாதீங்க, தீபாவளி வரைக்கும் ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க, எத்தனை பேர் சாப்பிட வர்றாங்கன்னு பாத்துட்டுக் கடை போடலாம்னாங்க."