பாதுகாக்கப்பட்ட குடிநீர்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். நிறம் இல்லை என்று பாடப் புத்தகம் சொல்லும்; வெள்ளைச் சட்டையை நனைத்தால் மஞ்சளாகும். மணம் இல்லை என்றும் சொல்லும். திறந்தவர் மூக்கைப் பொத்துவார். அது என்ன? தெரியவில்லை என்றால் நீங்கள் தையல்காரியின் தெருவில் குடியிருந்ததில்லை. அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான் அது.

அவளுடைய மகளுக்கு அடிக்கடி வயிறு கோளாறு செய்தது. "இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டுட்டு வாங்கம்மா. அப்பத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்" என்றார் டாக்டர். அதைவிடச் சுலபமான வேலை உண்டா? தையல்காரி குடிநீர் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அலுவலகம் அல்லவா, மரியாதையாகப் பேச வேண்டுமே என்று வழியெல்லாம் எழுத்துத் தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

"ஐயா, மூலம் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்."

குமாஸ்தா தலை தூக்கவில்லை. "மூலம், பவுத்திரம் எல்லாம் எதிர்த்த ஆஸ்பத்திரி."

"அந்த மூலம் இல்லைங்க. தண்ணியோட மூலம்."

இது பெரிய விஷயம் என்று அவளை அதிகாரியிடம் அனுப்பினார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திருவாய் மலர்ந்தார்.

"குடிநீர் குழாய் மூலம் வழங்கப்படுகிறது."

"குழாய்க்கு, சார்?"

"தொட்டி மூலம்."

"தொட்டிக்கு?"

"மோட்டார் மூலம்."

"மோட்டாருக்கு?"

"மின்சாரம் மூலம். அதுக்கு மேல மின்சாரத் துறையைத்தான் கேக்கணும்."

தையல்காரிக்குத் தலை சுற்றியது. "அது போகட்டும் சார். தண்ணி பாதுகாப்பானதா?"

"என்னம்மா அப்படிக் கேட்டுட்டீங்க! தொட்டியைச் சுத்தி முள்வேலி. மூடிக்குப் பூட்டு. வாசல்ல காவலாளி. இன்னி வரைக்கும் ஒரு சொட்டுக்கு ஆபத்து வந்தது கிடையாது."

"தண்ணிக்கு இல்லைங்க. என் பொண்ணுக்கு?"

"அது குழந்தைகள் நலத் துறை."

அவள் இடத்தை விட்டு அசையவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கவே அதிகாரி இறங்கி வந்தார். "சரி, புகாரா எடுத்துக்கறேன். ஆனா முடிஞ்ச புகாருக்குத்தான் நாங்க பதில் குடுப்போம். உங்க பொண்ணு நாலு பேர் பார்க்க ஒரு டம்ளர் குடிச்சுட்டா புகார் முடிஞ்சது. அப்புறம் மூலம் என்ன, மூலத்துக்கு மூலமே சொல்றேன்."

மறுநாள் தெருக்குழாய்க்கு ரிப்பன் கட்டி, 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்று பலகை மாட்டினார்கள். தெருவே கைதட்டத் திரண்டது. இப்போதைய நாகரிகப்படி ஆளுக்கொரு பாட்டில்: செம்புப் பாட்டில், உறிஞ்சுகுழல் பாட்டில், எலுமிச்சைத் துண்டு மிதக்கும் பாட்டில். அதிகாரியும் தம் பாட்டில் தண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீரின் அருமை பெருமைகளை எடுத்துரைத்தார். பிறகு மஞ்சளாக ஒரு டம்ளர் சிறுமியிடம் நீட்டப்பட்டது.

"குடிச்சிடு கண்ணு, பெரிய மனுஷர் குடுக்கறார்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை, தன் பாட்டிலை மூடியபடி.

"சிரிச்சுக்கிட்டே குடி பாப்பா" என்றார் போட்டோக்காரர்.

தையல்காரி தவித்தாள். ஆனால் பதில் கிடைத்தால்தானே மருந்து கிடைக்கும்? வயிற்றுவலியின் காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வயிற்றுவலியை வரவழைப்பதில் ஏதோ நியாயம் இருப்பதாகவே அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது.

"ஒரே ஒரு வாய்டா செல்லம். அம்மாவுக்காக."

சிறுமி டம்ளரை வாங்கினாள். அதை அதிகாரியின் கையில் கொடுத்தாள். அவருடைய பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.