புளிக்கு எந்த மாடல்?

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே புதிதாக ஒரு மனித இனம் பெருகி வருகிறது, வாசகரே. அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நானே வைக்கிறேன்: மாடல் நிபுணர். இவரைக் கண்டுபிடிப்பது எளிது. "மழை வருமா?" என்று கேட்டால் மற்ற மனிதர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இவர் போனைப் பார்ப்பார். பார்த்து மழையைப் பற்றிக் கேட்பாரா? மாட்டார். போனில் வரிசையாக இருக்கும் ஏஐ மாடல்களில் மழையைப் பற்றிக் கேட்பதற்கு ஏற்றது எது என்று யோசிப்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் நனைந்து வீடு போய்த் தலை துவட்டியிருப்பீர்கள்.

பெருங்கடவிளைச் சந்தைக்கு அருகே பெயின்ட் கடை வைத்திருக்கும் ஜெயதாஸ் இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி. தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். உள் சுவருக்கு ஒன்று, வெளிச் சுவருக்கு ஒன்று, ஈரம் கசியும் சுவருக்கு ஒன்று, எதற்கும் முதலில் பிரைமர் என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர், இதையும் அதே கண்ணால்தான் பார்த்தார். தன்னிடம் இருந்த நான்கு மாடல்களுக்கும் பெயர் வைத்தார். சட்டென்று பதில் சொல்வது வெடி. நெடுநேரம் யோசித்துப் பக்கம் பக்கமாக எழுதுவது வாத்தியார். காசு கேட்காதது ஓசி. நான்காவது, மாதச் சந்தா கட்டி வாங்கியது, அது முதலாளி.

முதலாளிக்கு மட்டும் ஏன் சந்தா என்று கேட்கிறீர்களா? ஜெயதாஸ் நான்கிற்கும் ஒரு பரீட்சை வைத்தார். "பெருங்கடவிளையில் ஜெயதாஸ் பெயின்ட் கடை எப்படி?" என்பதுதான் கேள்வி. தகவல் இல்லை என்றது ஓசி. எந்த ஜெயதாஸ் என்று திருப்பிக் கேட்டது வாத்தியார். வெடி அந்தக் கடையைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் வைத்தது. முதலாளி மட்டும், "அந்த வட்டாரத்தில் தரத்துக்கும் நேர்மைக்கும் பெயர்பெற்ற நிறுவனம்" என்றது. அன்றைக்கே பணம் கட்டிவிட்டார். அறிவு என்றால் இதுவல்லவா அறிவு!

அதன்பிறகு ஊரில் ஒருவரால்கூட நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. "காய்ச்சலுக்கு வாத்தியாரிடம் கேக்கணும், கறன்ட் பில்லுக்கு வெடி போரும், பிறந்தநாள் வாழ்த்துக்கு ஓசியே தாராளம், ஆனா மனசு சம்பந்தப்பட்ட காரியத்துக்கு முதலாளியத் தவிர வேற ஒண்ணையும் தொடப்பிடாது" என்று தேநீர் விற்கும் விஜயம்மாவின் சாயக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் சொல்லுவார்.

"அண்ணே, ஒங்களுக்குச் சாயயா காப்பியா? அதயும் அதுங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லுவியளா?" என்பாள் விஜயம்மா.

"விஜயம்மா, நீ களியாக்கிச் சிரிக்குதே. நாளைக்கு இதுதான் ஒலகம், பாத்துக்கோ."

"ஒலகம் இருக்கட்டும். சாய ஆறிப் போச்சு."

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. விதி ஒரு வியாழக்கிழமை அயிலை மீன் வடிவத்தில் வந்தது.

அன்றைக்கு ஜெயதாஸின் மனைவி சத்தியபாய் தேங்காய் அரைத்து, மண்சட்டியில் மீன்கறி வைத்திருந்தார். ஜெயதாஸின் தம்பி வினீத் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தான். மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொட்டியாயிற்று, கறி ஊற்றியாயிற்று, எல்லாரும் முதல் கவளத்தை உருட்டும் நேரத்தில் ஜெயதாஸ் எழுந்து நின்று சட்டியைப் படம் பிடித்தார். முதலாளியிடம் கொடுத்தார். வந்த பதிலைச் சபை நடுவே உரக்க வாசித்தார்.

"நிறத்தைப் பார்க்கும்போது புளி சற்று அதிகம் எனத் தோன்றுகிறது. அடுத்த முறை குறைத்துக்கொண்டால் சுவை மேம்படும்."

டிவி தொடராக இருந்தால் இந்த இடத்தில் இடி இடித்திருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்க வேண்டும். சத்தியபாயின் முகத்தை நாம் மூன்று பக்கங்களிலிருந்தும் மாறி மாறிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது, அவ்வளவுதான். சத்தியபாய் கரண்டியைச் சட்டியில் போட்டார்.

"நாக்கு இல்லாத சாதனம் எனக்க புளியக் குத்தம் சொல்லுது. அத நீங்க நின்னு வாசிக்குதிய. இனி சோறும் அதுகிட்டயே கேளுங்க."

இவ்வளவுதான் வசனம். மறுநாள் காலையில் ஒரு பையோடு அம்பூரி பஸ்ஸில் ஏறி அக்கா புஷ்பபாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

கணவன் மனைவி பிணக்கு எந்த வீட்டில் இல்லை? ஆனால் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று காத்துக்கொண்டிருந்தது. மகள் ஜிஜாவுக்குக் காட்டாக்கடையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்து, பையன் அனூஜை அவளுக்கும் பிடித்துப்போய், சர்ச் முடிந்ததும் அவன் வீட்டார் வந்து கல்யாணத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு. வருகிறவர்கள் முதலில் கேட்பது என்ன? "அம்மை எங்கே?" புளி காரணமாக அம்மை அம்பூரியில் இருக்கிறாள் என்று எந்த அப்பனால் சொல்ல முடியும்?

"அப்பா, பஸ் ஏறி அம்பூரிக்குப் போங்க. இல்லேன்னா ஒரு போனாவது விளிங்க" என்றாள் ஜிஜா.

"விளிக்கலாம் மக்களே. விளிச்சி என்ன பறையணும்? அது முடிவாகட்டும். மன்னிப்புன்னா லேசுப்பட்ட காரியமில்ல. செரியான மாடல் வேணும்."

வேலை தொடங்கியது. முதலில் வெடி. அது வெடித்த வேகத்தில் மலையாளத்தில் ஒரு கடிதம் வந்தது. அந்த வீட்டில் ரேஷன் அட்டையும் பேங்க் புத்தகமும் மலையாளம். ஜெபமும் சண்டையும் தமிழ். ஜிஜா வாசித்துப் பார்த்தாள். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற பொருளில் கனமான மலையாளம்.

"இது கறன்ட் ஆபீசிலேருந்து வந்த மாதிரி இருக்குப்பா. அம்மை பில்லு கெட்டப் போயிருவா."

அடுத்தது முதலாளி. தமிழில் கேட்டார். 'என் உயிரின் ஊற்றே, உன் வளையோசை கேளாத இந்த இல்லம் வெறும் சுவர்களின் கூட்டம்' என்று தொடங்கியது. ஜெயதாஸின் கண் கலங்கியது. நானே எழுதியிருக்கக்கூடிய வரி என்பதால் எனக்கும் கலங்கியது.

"அம்மை இத வாசிச்சா, ஒங்களுக்கு வேற யாரோ உண்டுன்னு நெனைச்சிருவா" என்றாள் ஜிஜா. "அம்மை என்னைக்குப்பா வளையல் போட்டா?"

வாத்தியார் கடிதமே எழுதவில்லை. உறவைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. முதல் படியாக மனைவியின் எதிர்பார்ப்புகளை அட்டவணையாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். கடைசியில் ஓசி. அது இரண்டே வரி சொன்னது: 'தவறு உங்களுடையது. நேரில் சென்று ஒப்புக்கொள்ளுங்கள்.'

"பாத்தியா?" என்றார் ஜெயதாஸ். "இதாக்கும் காசு கெட்டாத மாடலுக்க லெச்சணம். குவாலிட்டி கெடையாது."

ஒரு சாதாரண மனிதன் இதில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பான். நிபுணர் அப்படிச் செய்யலாமா? வெடியின் கடிதத்தை வாத்தியாரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். வாத்தியார் திருத்தியதை முதலாளியிடம் கொடுத்து உருக்கம் சேர்க்கச் சொன்னார். முதலாளி உருக்கியதை வெடியிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னார். சுருங்கி வந்தபோது அது மறுபடியும் கறன்ட் ஆபீஸ் கடிதமாகவே இருந்தது. பிரைமர் அடித்து, பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பிரைமர். சுவர்தான் இல்லை. வெள்ளிக்கிழமை இப்படிப் போயிற்று. அம்பூரிக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. ரப்பர் தோட்டத்தில் ஏதோ மரம் லைனில் சாய்ந்து கறன்ட் போனது, பின்னாலேயே நெட்டும் போனது. கடையில் இருட்டுக்குள் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே ஜெயதாஸ் ஒற்றையாக இருந்தபோது போன் அடித்தது. சத்தியபாய்.

"நான் ஜிஜாகிட்டப் பேசத்தான் விளிச்சேன். அவ எடுக்கல்ல."

"ஆங்."

"நாளைக்கு அவிய எத்தன பேரு வருதாவ?"

"ஆங்... ஒரு நிமிஷம். லைன்ல நில்லு, கேட்டியா?"

கட்டிய மனைவியைக் காத்திருக்க வைத்துவிட்டு முதலாளியை அழுத்தினார். வட்டம் சுற்றியது. வாத்தியாரை அழுத்தினார். சுற்றியது. வெடி நமத்துப் போயிருந்தது. கடைசியில் ஓசியின் காலிலேயே விழுந்தார். அதுவும் சுற்றியது. வாசகரே, நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரைக் கைவிட்டதை நீங்கள் எந்தத் தொடரில் பார்த்திருக்கிறீர்கள்?

"எந்த மாடலத் தேடுதிய?" என்றது போனில் குரல்.

ஜெயதாஸ் வாயைத் திறந்தார். உயிரின் ஊற்று இல்லை. வளையோசை இல்லை. எது இருந்ததோ அதுதான் வெளியே வந்தது.

"அந்த மீன்கறி மிச்சம் இருந்துல்லா... வெள்ளிக்கிழமையும் அதச் சூடாக்கித்தான் தின்னேன். இன்னைக்குக் காலத்தயும் அதுதான். சட்டிய வழிச்சாச்சு. புளி... புளி செரியாத்தான் இருந்துது சத்தியா."

அந்தப் பக்கமும் மழை கேட்டது. பெருமழை. தொடராக இருந்தால் இங்கே விளம்பர இடைவேளை.

"வழிச்ச சட்டியக் கழுவி வச்சியளா?"

"இல்ல."

"கழுவி வையுங்க. சாயந்திர பஸ்ஸுக்கு வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காட்டாக்கடைக்காரர்கள் வந்தார்கள். ஜிஜாவின் அம்மை வாசலில் நின்று வரவேற்றார். பேச்சு நல்லபடி முடிந்து சாப்பாடு பரிமாறினார்கள். அதே மண்சட்டி, அதே அயிலை, அதே புளி. ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. கூடியிருந்ததாகவே எனக்குத் தகவல். மாப்பிள்ளையின் அப்பா மரச்சீனியைத் தொடுமுன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சட்டிக்கு நேரே பிடித்தார்.

"எனக்ககிட்ட ஒரு மாடல் உண்டு, சம்பந்தி. படத்தப் பாத்தே கறிக்கு மார்க் போடும்..."

கரண்டியோடு நின்ற சத்தியபாய் நிமிர்ந்தார். ஜிஜாவின் முகம் வெளுத்தது. ஒரு கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது. ஜெயதாஸ் பாய்ந்தார். கையிலிருந்த மரச்சீனியோடும் குழம்போடும் அப்படியே அந்த விலையுயர்ந்த போனின் கண்ணைப் பொத்தினார்.

"சம்பந்தி, வேண்டாம். தின்னு பாருங்க."

அவர் தின்று பார்த்தார். இன்னொரு கரண்டி கேட்டார். கல்யாணம் உறுதியானது.

ஆகவே ஜெயதாஸ் திருந்திவிட்டார் என்று எண்ணுகிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் உங்களுக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் சாயக்கடை பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சத்தியக்கா வந்தாச்சே! கடேசீல எந்த மாடலாக்கும் ஜெயிச்சுது?" என்றாள் விஜயம்மா.

ஜெயதாஸ் சாயயை ஒரு மிடறு குடித்தார். தூரத்தில் பார்த்தார்.

"முதலாளிதான். ஆனா ஒண்ணு, விஜயம்மா. நெட்டு இல்லாதப்பத்தான் அது நல்லா வேல செய்யும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் மைத்துனரை நினைத்துச் சிரிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட வேண்டும், கூடவே குத்தலாக ஒரு வரி எழுத வேண்டும் என்று இந்த நிமிடம் ஆசை வந்திருக்கும். வரட்டும். ஆனால் அந்த ஒரு வரியை எதனிடம் எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று உங்கள் கட்டைவிரல் இப்போது எங்கே நகர்கிறது?

போனைக் கீழே வையுங்கள். போய்ச் சட்டியைக் கழுவுங்கள்.