முப்பது வினாடியில் ஹர்சோனோ

முப்பதே வினாடியில் தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிவிடுவது என்று ஹர்சோனோ முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் பத்து வினாடி பேசி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சுரபாயாவில் அவர் வேலை பார்த்த பிஸ்கட் ஆலையை மூடி மூன்று மாதமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலைதோறும் ஒரு ஹோட்டலின் நாலாவது மாடியில் தொழில்காரர்கள் கூடுகிறார்களாம். புதிதாகப் போகிறவர் தான் யார், என்ன தெரியும் என்று முப்பது வினாடியில் சொல்ல வேண்டுமாம். பிடித்துப்போனால் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த விசிட்டிங் கார்டு கொடுப்பார்களாம், வேலையும் கொடுப்பார்களாம்.

ஹர்சோனோ உட்கார்ந்து எழுதினார். நாலு பக்கம் வந்தது. மனைவி வினார்சியை அடுப்படியில் மடக்கி வாசித்துக் காட்டினார். அவர் அவளை ‘பூ’ என்பார். அவள் அவரை ‘மாஸ்’ என்பாள். இரண்டும் ஜாவாவில் வீட்டுக்கு வீடு புழங்கும் மரியாதைச் சொற்கள்தான். தமிழ் அர்த்தத்தை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு, ஒரு மழைக்காலத்தில்...”

“நிறுத்துங்க மாஸ். பிறந்ததுலேருந்தேவா?”

“அஸ்திவாரம் வேணாமா பூ?”

“நீங்க தவழ ஆரம்பிக்கிறதுக்குள்ள முப்பது வினாடி முடிஞ்சுடும். என்ன வேலை தெரியும்? அதைச் சொல்லுங்க.”

“பொட்டலமிடும் இயந்திரங்களின் பராமரிப்பு மற்றும் செயல்திறன் மேம்பாட்டுத் துறையில் அயராது உழைத்து...”

“யாரு செத்துட்டாங்க?”

“ஏன்?”

“இரங்கல் கூட்டத்துல வாசிக்கிற மாதிரி இருக்கே! மெஷின் நின்னா ஓட வைப்பேன்னு சொன்னா என்னவாம்?”

“அவ்வளவு சின்னதா சொன்னா மதிப்பாங்களா?”

“முதல்ல புரியணும். அப்புறம்தானே மதிக்கறது!”

நாலு பக்கத்தை அவள் ஒரே வரியாக்கினாள். ஹர்சோனோ அதை மனப்பாடம் செய்து, விசேஷத்துக்குப் போடும் பூவேலை பாத்திக் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, போருக்குப் போகிறவர் மாதிரி கிளம்பினார்.

நாலாவது மாடிக் கதவைத் திறந்தார். உள்ளே எண்பது பேர். எண்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கென்று ஒருவரும் வந்ததாகத் தெரியவில்லை. டை கட்டிய ஒருவர் பாய்ந்து வந்து கையைக் குலுக்கினார். “வாங்க, வாங்க! நீங்க என்ன பண்றீங்க?”

ஹர்சோனோ வாயைத் திறந்தார். “கழிவறை எந்தப் பக்கம்?” என்று வந்தது.

அடுத்த நிமிஷம் தெருவில் இருந்தார். எதிரே ஒரு கோழி சூப்புக் கடை. உட்கார்ந்து ஆறுதலாக ஒரு கிண்ணம் குடித்தார். கல்லாவில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய கார்டுகள். சாப்பிட வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போவது. மாதாமாதம் குலுக்கி, ஒருவருக்குச் சாப்பாடு இலவசம்.

“குலுக்கி முடிச்ச கார்டெல்லாம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“தூக்கிப் போடறதுதான்” என்றார் கடைக்காரர் வாகித்.

ஹர்சோனோவின் மூளைக்குள் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு சக்கரம் சுழன்றது.

அன்று வீட்டுக்கு ஏழு கார்டுடன் போனார். வினார்சி கண்ணை அகல விரித்தாள். “ஒரே நாள்லயா?”

“விடமாட்டேங்கிறாங்க பூ! இந்தா, இந்தப் பல் டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு...”

“பல்லுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?”

“அவரும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தார்.”

அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று ஹர்சோனோ சூப்புக் கடையில் தவறாமல் ஆஜரானார். இரண்டாம் வாரத்திலிருந்து அதிர்ஷ்டம்கூட அடித்தது. வாகித் கொடுத்த கார்டெல்லாம் ஆலைக்காரர்களுடையது. செருப்பு, ஐஸ், சோப்பு, நூடுல்ஸ். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கதை கட்டினார். வினார்சி தட்டைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டாள்.

நாலாவது திங்கட்கிழமை போன் வந்தது.

“ஹர்சோனோவா? நான் ஹண்டோயோ, நூடுல்ஸ் ஆலை! உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க.”

ஹர்சோனோவுக்கு வியர்த்தது. “ஐயா, என்னை உங்களுக்கு...”

“என்னங்க, மறக்க முடியுமா உங்களை? எவ்வளவு நேரம் பேசினோம்! அது கிடக்கட்டும், இங்கே பொட்டலம் கட்டற மெஷின் மூணு நாளா நிக்குது. உடனே வாங்க.”

போனார். நின்ற மெஷின் பக்கத்தில் யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. காதை வைத்துக் கேட்டார், நாலு திருகாணியைக் கழற்றினார், ஒரு பட்டையை மாற்றினார். மாலைக்குள் ஓடியது. பொறுப்பாளர் வேலை அங்கேயே கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மனசாட்சி குத்தியது. “பூ, ஒண்ணு சொல்லணும். நான் அந்தக் கூட்டத்துக்கு...”

“போறதே இல்லை. தெரியும்.”

“எப்போலேருந்து?”

“முதல் வெள்ளி மத்தியானத்துலேருந்து. வாகித்தோட பொண்டாட்டி வியாழக்கிழமை குர்ஆன் ஓதற கூட்டத்துல என் பக்கத்துலதான் உக்காருவா. உன் வீட்டுக்காரர் குப்பைக் கார்டு பொறுக்கறாரேன்னு போன் பண்ணிட்டா. பல் டாக்டரெல்லாம் எதுக்கு, ஆலைக்காரங்களா பார்த்து எடுத்துக் குடுக்கச் சொல்லுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்.”

ஹர்சோனோ சுவரைப் பிடித்துக்கொண்டார். “அந்த ஆலைக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணி என்ன பேசினே?”

“‘உங்க கார்டு என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவருக்குப் பேச வராது. மெஷின் பேசினா அவருக்குப் புரியும். எது நின்னாலும் கூப்பிடுங்க.’ அவ்வளவுதான். பதினாறு பேர்ல பதினாலு பேர், ‘அவரை நல்லா ஞாபகம் இருக்கே’ன்னாங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்ல யாருக்கு மாஸ் தைரியம் வரும்?”

“முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாமே?”

வினார்சி அவரை உட்கார வைத்துத் தட்டில் சோறு போட்டாள். “மூணு மாசமா சட்டை போடாம மூலையில உக்காந்திருந்தீங்க. வெள்ளிக்கிழமையானா தலை வாரிக்கிட்டு வெளியே போனீங்க. வந்து என்கிட்ட மணிக்கணக்கா பேசினீங்க. பொய்தான். ஆனா கேக்க நல்லா இருந்துச்சு.”

இத்தனை வருஷம் ஒருத்தி தன்னை ஒரு மெஷின் மாதிரி காதை வைத்துக் கேட்டிருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பேச வாயெடுத்தார், வரவில்லை. அவள் புரிந்துகொண்டு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள்.

வாகித்துக்காவது தன் வாயாலேயே நன்றி சொல்லிவிடுவது என்று ஹர்சோனோ உறுதி பூண்டார். மறுநாள் வேலை விட்டதும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து, கடைக்குள் நுழைந்து, நெஞ்சை நிமிர்த்தி, “வாகித்...” என்றார்.

“அட போதுங்க, எத்தனை தடவைதான் நன்றி சொல்வீங்க?” என்று வாகித் அவர் கையைப் பிடித்தார். “நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்களாமே, காலையிலேயே உங்க வீட்டம்மா வந்து உங்க சார்புல சொல்லிட்டுப் போயிட்டாங்க!”