பாறைமேல் ஒரு சிறை

மேலே கோட்டையும் அடியில் உப்பும் கொண்ட நாடு மேடுபுரி. உப்பை வெட்டி விற்றே ஆட்சி நடந்தது. வெட்ட வெட்ட நிலம் எங்கே இறங்குகிறது என்று அறிய, தலைநகரம் முழுக்க மண்ணுக்குள் ஒரு கண்ணாடி இழையைப் புதைத்திருந்தார்கள். ஒரு முனையில் ஒளியை அனுப்பினால், மண் அசையும் இடத்திலிருந்து திரும்பும் ஒளி மாறியிருக்கும். அதைப் படித்துச் சொல்வது அஞ்சுகத்தின் வேலை. சரியான பிடிவாதக்காரி.

ஒருநாள் முந்நூறு குடும்பங்கள் வாழும் தாழ்தெருவுக்கு அடியில் மண் இழுபடுவதைக் கண்டாள். அமைச்சர் பெருநம்பியிடம் ஓடினாள்.

"ஐயா, பத்து நாள் தாங்காது. சனங்கள உடனே வெளியேத்தணும்."

"இந்தாம்மா, தேர்தல் நேரத்தில் நிலம் இறங்குவதை அரசு அனுமதிக்காது" என்றார் அமைச்சர்.

மறுநாளே ஆணை வந்தது. மேடுபுரியின் நிலம் உறுதியானது. சுவரில் விரிசல் வைத்திருப்பது குற்றம். தாழ்தெருக்காரர்கள் பயந்துபோய் விரிசல்மேல் அரசர் படத்தை ஒட்டினார்கள். விரிசல் வளர்ந்து படமும் கிழிந்தது. படத்தைக் கிழித்ததற்காக நாற்பது பேரை, ஊருக்கு வெளியே கரும்பாறைமேல் இருந்த சிறையில் அடைத்தார்கள்.

அடுத்த ஆணை, தேர்தல் முடியும்வரை யாரும் வீடு மாறக் கூடாது என்றது. அதற்கடுத்தது அஞ்சுகத்துக்கே வந்தது. இழை இனி மண்ணைக் கேட்க வேண்டாம், மக்களின் காலடிகளை மட்டும் கேட்கட்டும். நூறு பேர் சேர்ந்து நடந்தால் படை புறப்படும்.

மண்ணுக்குப் பயப்படாதவர்கள் காலடிக்கு இப்படிப் பயப்படுகிறார்களே என்று நினைத்த அஞ்சுகம், சட்டென்று எழுந்து தாழ்தெருவுக்கு நடந்தாள்.

"நாளைக்குக் காலையில எல்லாரும் ஒண்ணா நடங்க. கைக்கொழந்தையக்கூட விட்டுட்டுப் போகாதீங்க."

"படை வந்து புடிச்சிட்டுப் போயிருமே தாயி?" என்றாள் மாவரைக்கும் முத்துப்பேச்சி.

"புடிக்கட்டும்க்கா. செறை பாறைமேல இருக்கு."

முத்துப்பேச்சி வீடு வீடாகக் கதவைத் தட்டப் போனாள்.

காலையில் தெருவே நடந்தது. படை பாய்ந்து வந்து ஒருவர் விடாமல் சிறையில் அடைத்தது. அன்று மாலையே தாழ்தெரு அப்படியே மண்ணுக்குள் போயிற்று. ஓர் உயிர்கூடச் சேதமில்லை. காலடிச் சத்தம் ஓய்ந்துவிட்டதால் நாட்டில் பூரண அமைதி நிலவுவதாக அரசர் மகிழ்ந்து, அரண்மனையில் ஏழு நாள் விழா அறிவித்தார். உப்பை இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள் அஞ்சுகம் மறுபடியும் அமைச்சர் முன் நின்றாள்.

"ஐயா, அரண்மனைக்கு அடியில..."

"காலடியா?"

"இல்லைங்க, மண்ணு. விழாவ நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"மண்ணைக் கேட்பது குற்றம் என்று தெரிந்துமா? இவளைச் சிறையில் போடுங்கள்!"

அஞ்சுகம் கைகளை நீட்டினாள். சிறைவாசலில், தன்னை ஒப்படைத்துவிட்டுத் திரும்பப் போன இரண்டு காவலர்களையும் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்களும் உள்ள வந்துருங்க."