பதினைந்து எழுத்துக்குள் அடங்காதவர்

"உன் பெட்டி என்னையே உள்ளே விடமாட்டேங்குது" என்று முதலாளி செபாஸ்தியாவோ தன் போனைக் கிளேபரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் வைஃபை பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி அது. அடுத்த அறையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை டோனா எட்விஜெஸ், காபியும் சீஸ் பன்னுமாக உட்கார்ந்திருந்தார். பெட்டியில் போன்கள் எப்படிச் சேருகின்றன என்று பார்க்க வந்திருக்கிறார். இந்த வியாபாரம் படியாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான். கிளேபரின் மனைவிக்கோ ஏழாம் மாதம்.

சிக்கல் என்னவோ சின்னதுதான். சேர வரும் போன் முதலில் தன் பெயரைச் சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் கெர்னல் என்கிற மைய நிரல், அந்தப் பெயரின் நீளத்தை அளந்த பிறகே கதவைத் திறக்கும். விதிக் கோப்பில் 'அதிகபட்சம் பதினைந்து' என்று எழுதி வைத்த புண்ணியவான் கிளேபர். அந்த வரியைப் படித்து, அளக்கிற நிரலை ஒரு தானியங்கி எழுதிக்கொள்ளும். முதலாளியின் போனுக்குப் பெயர் 'டாக்டர் செபாஸ்தியாவோ ட கொன்செய்சாவோ'.

"போன் பேரைக் கொஞ்சம் சுருக்கிக்கலாமா சார்?"

"எங்கப்பா வச்ச பேரு. அதை நீ சுருக்குவியா?"

கிளேபர் அவசரத்தில் நிரலையே திறந்து, பதினைந்தை ஐம்பதாக்கிப் பெட்டியில் ஏற்றினான். முதலாளி மறுபடியும் வெளியேதான் நின்றார்.

பக்கத்து மேசை ஜுசாரா எட்டிப் பார்த்தாள். "ராசா, அது தானியங்கி எழுதுற கோப்பு. நீ திருத்துவே, அடுத்த தடவை அது அழிச்சிட்டுப் பழையபடியே எழுதும். கை வைக்காதேன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கே, படிக்கலையா?"

"முதல் வரியை எவன் படிக்கிறான்?"

விதிக் கோப்புக்கு ஓடினான். முதலாளியின் மூச்சு பிடரியில் பட, விரல் தடுமாறி 'அதிகபட்சம்' இருந்த இடத்தில் 'குறைந்தபட்சம்' என்று விழுந்துவிட்டது. முதலாளியின் போன் ஜம்மென்று சேர்ந்தது. அவர் மீசையை நீவிக்கொள்வதற்குள் விற்பனைப் பிரிவிலிருந்து ஸே கத்தினான்.

"எவன்டா என்னைத் துரத்திவிட்டது?"

அவன் போனுக்குப் பெயரே 'ஸே'தான். பின்னாலேயே அலுவலகத்தின் மற்ற போன்களும் ஒவ்வொன்றாக இணைப்பு அறுந்து விழுந்தன.

"ஸ்கூல் பசங்க பேரெல்லாம் என் பேரு மாதிரியா இருக்கும்?" என்று முதலாளி பல்லைக் கடித்தார். "என் பேரை எண்ணு. இம்மி பிசகாம அந்த அளவைப் போடு."

கிளேபர் விரல் விட்டு எண்ணினான். இம்மி பிசகக்கூடாது என்றாரே, 'சரியாக இத்தனை' என்றே விதியை எழுதிவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஸேயும் வெளியே, ஜுசாராவும் வெளியே, இப்போது முதலாளியும் வெளியே.

"என் பேருதானே எண்ணுனே?"

"ஆமா சார், ரெண்டு தடவை எண்ணுனேன்."

ஜுசாரா தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் பேரைப் போர்ச்சுகீஸ்ல எழுதினா, எழுத்துக்கு மேல ரெண்டு வளைவு, கீழ ஒரு வால் இருக்கே. உன் விரலுக்கு அதுல ஒவ்வொண்ணும் ஒரு எழுத்து. கெர்னலுக்கு ரெண்டு இடம். இப்ப நம்ம ஆபீஸ்ல எந்தப் பேருக்கும் இந்த அளவு பொருந்தாது."

அந்த நேரம் பார்த்து டோனா எட்விஜெஸ், கையிலிருந்த பன் தூளைத் தட்டிக்கொண்டே வந்து நின்றார்.

அவர் தன் போனைச் சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை. முதலாளியின் போனை வாங்கிப் பார்த்தார். ஸேயைக் கூப்பிட்டு அவன் போனையும் பார்த்தார்.

"ஒண்ணுகூடச் சேராதா?"

"பத்து நிமிஷம் குடுங்க மேடம்" என்றார் முதலாளி. "பையன் சரிபண்ணிடுவான்."

"எங்க கம்ப்யூட்டரெல்லாம் பெட்டியில ஒயர் வழியாத்தான் சேரும் சார். பாட நேரத்துல பசங்க போன் சேராத பெட்டி வேணும்னு நாலு கம்பெனி ஏறி இறங்கிட்டேன். வகுப்புக்கு ஒண்ணு அனுப்பிடுங்க, ஆனா இந்தத் தம்பி அதைச் சரிபண்ணிடாம பாத்துக்குங்க."