புஜைரா கோட்டையும் நல்லி எலும்பும்

என் கணவர் சேதுமாதவனுக்குத் திடீரென்று சரித்திரத்தின் மேல் காதல் வந்தது. தஞ்சாவூர் பெரிய கோவிலுக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்து, அதன் மதில் ஓரமாக ஸ்கூட்டர் நிறுத்தியதைத் தவிர வேறு எந்த உறவும் வைத்துக்கொள்ளாத மனுஷர்.

"மெக்சிகோவுல புவேப்லான்னு ஒரு பழைய ஊர், ஷியாமளா. காலைல பஸ் ஏறிப் போய், தெருத்தெருவா சுத்திப் பாத்துட்டு, சாயங்காலம் திரும்பிடறாங்க. வீடியோ பாத்தேன். வாழ்ந்தா அப்படி வாழணும்."

"ஷார்ஜாலேருந்து மெக்சிகோவுக்கு பஸ் விடறானா?"

"நம்ம தமிழ்ச் சங்கத்துல புஜைராவுக்கு விடறாங்களே. சனிக்கிழமை. கோட்டை பாக்கலாம். பேர் குடுத்துட்டேன்."

போன வாரம் பார்க் வரைக்கும் நடக்கக் கூப்பிட்டதற்கு முழங்கால் வலி என்றவர். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது.

மறுநாள் ஜுலைஹா பீவி போன் செய்தாள். இவருடைய ஆபீஸ் நண்பர் கௌஸ் முகைதீனின் மனைவி. அவள் மட்டன் பிரியாணிக்குப் பாதி ஷார்ஜா அடிமை.

"அக்கா, டூருக்கு நம்ம பிரியாணிதான். அண்ணனுக்கு நல்லி எலும்பா பாத்து தனியா வைக்கணும்னு இவங்ககிட்ட சொல்லியிருக்காராம். நாலு போதுமா?"

"அவருக்கு சுகர்னு உனக்குத் தெரியாதா?"

"குறைஞ்சிருச்சுன்னு சொன்னாராமே."

குறையவில்லை, ஏறியிருக்கிறது. மட்டனும் சோறும் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஓட்ஸ் கிண்டிக் கிண்டி என் தோள்பட்டை கழன்றுவிட்டது. இவர் கோட்டை வாசலில் உட்கார்ந்து நல்லி உறிஞ்சப் போகிறார்.

தடுத்திருக்கலாம். தடுத்தால் தியாகி ஆகிவிடுவார். பஸ் முழுக்க அனுதாபம் கிளம்பும். எவராவது புண்ணியவான் "ஒரே ஒரு வாய்" என்று ஊட்டியும் விடுவார்.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் ஜெசிந்தா வாயாடிப் பெண்களை அடிக்கவே மாட்டார். லீடர் ஆக்கிவிடுவார். அதோடு அவர்கள் கதை முடிந்தது. சங்கச் செயலாளர் சிவசங்கரனுக்குப் போன் போட்டேன்.

"சார், இவர் அந்தக் கோட்டையைப் பத்திக் கரைச்சுக் குடிச்சிருக்கார். ஆனா கூச்ச சுபாவம். தானா வந்து சொல்ல மாட்டார்."

"சேது சாருக்கா கூச்சம்?"

"ஒரு பொன்னாடை போத்தி மைக்கைக் கையில குடுத்துடுங்க. சாப்பாட்டு நேரத்துல குடுத்தா கூட்டமும் கலையாது."

"பிரமாதம் மேடம். போன தடவை சொல்ல ஆள் இல்லாம சுவரையே பாத்துட்டு நின்னோம்."

ஜுலைஹாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை பஸ் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. எல்லோரும் ஜன்னல் வழியே பாறைகளைப் பார்த்தார்கள். இவர் கடைசி சீட்டில் கட்டி வைத்திருந்த அண்டாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கோட்டை அழகாகத்தான் இருந்தது. ஒரு கோபுரம் உருண்டை, ஒன்று சதுரம், குழந்தை மணலில் கட்டியதுபோல. கீழே நிழலில் பாய் விரித்து கௌஸ் முகைதீன் அண்டாவை இறக்கினார். மூடி திறந்தது. இவர் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. அப்போதுதான் சிவசங்கரன் பொன்னாடையோடு குறுக்கே வந்தார்.

"வரலாற்று ஆர்வலர் சேதுமாதவன் அவர்களை இருகரம் கூப்பி அழைக்கிறேன்."

இவர் என்னைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். தமிழன் எவனும் மைக் முன்னால் அப்படிச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"இரண்டே நிமிடம் பேசி விடைபெறுகிறேன்" என்று ஆரம்பித்தார். எனக்கு நிம்மதியாயிற்று.

கோட்டையிலிருந்து பெரிய கோவிலுக்குப் போனார். அங்கிருந்து சோழர் கப்பல் ஏறி மெக்சிகோவில் இறங்கினார். கூட்டம் ஒவ்வொருவராகத் தட்டோடு நழுவியது. ஜுலைஹா என் தட்டில் நல்லியை வைத்தாள். நான் அதைத் தட்டி, உறிஞ்சினேன். இவர் குரல் தழுதழுத்தது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில், யாரும் கேட்காமலே, "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்றார்.

அவர் வந்தபோது அண்டாவில் ஒரு பிரிஞ்சி இலை இருந்தது. நான் ஓட்ஸ் உப்புமா டப்பாவைத் திறந்து வைத்தேன்.

"இது உன் வேலைதானே?"

"பேச்சு நல்லா இருந்துதுங்க."

"நெஜமாவா?" பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "அந்தச் சோழர் பகுதி?"

"அதான் உச்சம். அப்பதான் ஜுலைஹா ரெண்டாம் தடவை பரிமாறினா."

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சிவசங்கரன் எழுந்து மைக்கைப் பிடித்து, "அடுத்த மாதம் ராஸ் அல் கைமா. அங்கேயும் சேது சார்தான்" என்று அறிவித்தார். பின் சீட்டிலிருந்து ஜுலைஹா குனிந்து, "அன்னிக்கு என்னக்கா சமைக்கட்டும்?" என்று காதில் கேட்டாள்.

"ஆட்டுக்கால் பாயா" என்றேன், இவர் காதில் விழும்படியாகவே.

இவர் காதில் விழவில்லை. மைக்கை வாங்கி, "இரண்டே நிமிடம்" என்று தொடங்கியிருந்தார்.